தொப்பியின் மெருகு

ஒரு சாண் உயரமுள்ள கறுப்புத் தொப்பிக்கு மெருகேற்றுவது எப்படி என்று ஒருவன் கட்டுரை எழுத முற்பட்டால், "இவனுக்கு வேறு வேலை இல்லையா?" என்று வாசகர் கேட்பது இயல்பே. எனக்கு வேலை இருக்கிறது. புக்கிட் பெலண்டோக் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி நான். குலை எத்தனை, டன் எத்தனை, ஆள் எத்தனை என்று காலை முதல் மாலை வரை எண்களோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. ஆயினும் சென்ற மழைக் காலத்தில் மூன்று வாரம் ஒரு தொப்பி என்னைப் பிடித்து ஆட்டிவைத்தது. அது புகட்டிய பாடத்தை, ஆங்கில வழியில் நான் பெற்ற கல்வியும் புகட்டவில்லை; பத்தாண்டு உத்தியோகமும் புகட்டவில்லை. ஆதலின் எழுதுகிறேன்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க நாட்டில் அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றைப் பிள்ளைகள் நாடகமாக நடிப்பதென்று முடிவாயிற்று. லிங்கன் வேடத்துக்கு ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். வகுப்பிலேயே உயரமானவள், குரலும் கணீரென்றிருக்கும். அவள் தாயார் எங்கள் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்பவர். தாடி கிடைத்தது, கறுப்புச் சட்டை கிடைத்தது, தொப்பிதான் கிடைக்கவில்லை. தலைமையாசிரியை என்னிடம் வந்தார். "ஐயா, நீங்கள் இங்கிலீஷ் படித்தவர். அந்தத் தொப்பி எப்படி இருந்தது என்று பார்த்து, அதுபோலவே ஒன்று செய்து கொடுங்கள்" என்றார். இங்கிலீஷ் படித்தவன் என்ற சொல் என் காதில் தேனாகப் பாய்ந்தது. சரியென்று ஒப்புக்கொண்டேன்.

ஆங்கிலேயர் 'டாப் ஹாட்' என்று வழங்கும் நெடுந்தொப்பியை நம்மவர் பழைய படங்களில் பார்த்திருப்பார்கள். அதன் உருவத்தை அமைப்பது கடினமன்று. கனமான அட்டையைக் குழாய்போலச் சுருட்டி, மேலே ஒரு வட்டம், கீழே ஒரு விளிம்பு வைத்து ஒட்டினால் தொப்பிதான். ஆனால், அந்தத் தொப்பியின் பெருமையெல்லாம் அதன் பளபளப்பில் இருக்கிறது. புகைப்படத்தைப் பாருங்கள்: கரிய நீர்நிலையில் நிலவொளி விழுந்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழ்வரை ஓடும். அந்தக் கோடு வராவிட்டால் அது நெடுந்தொப்பியன்று. வெறும் அட்டைக் குழாய்.

பளபளப்புக்கு என்ன செய்வது? என் அறிவு உடனே கடைக்கு ஓடியது. போர்ட்டிக்சனில் ஒரு டப்பா கறுப்பு எனாமல் பெயிண்டு வாங்கி வந்து, அட்டையின்மேல் இரண்டு முறை பூசினேன். பளபளத்தது, சந்தேகமில்லை. பெருமிதத்தோடு பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஒரு சிறுவன் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது ரோட்டுல இருக்கிற தார் டிரம் மாதிரி இருக்கு" என்றான். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்தது. ஆனால், அவன் சொன்னது உண்மை. தூரிகை ஓடிய தடமெல்லாம் தெரிந்தது. அட்டையின் மேடுபள்ளமெல்லாம் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. பூச்சு குறையை மறைக்கவில்லை. அதற்கு விளக்குப் பிடித்துக் காட்டியது!

அன்றிரவு முதல் படிக்கத் தொடங்கினேன். பழைய தொப்பிக்காரர்கள் எப்படிச் செய்தார்கள்? படித்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதற்காலத்தில் இத்தொப்பிகள் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மென்மயிரால் ஆகியவை. ஐரோப்பியர் தலைக்கு அழகு செய்வதற்காக வட அமெரிக்கக் காடுகளில் அவ்வுயிரினம் ஏறக்குறைய வேரற்றுப்போகும் அளவுக்கு வேட்டையாடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பட்டன்று, வெல்வெட்டைவிட நீண்ட, மெல்லிய பட்டு இழைகள் மேலே அடர்ந்து நிற்கும் ஒருவகைத் துணி. பிரான்சு நாட்டின் லியோன் நகர்ப் பக்கத்துத் தறிகள் அதற்குப் பேர்பெற்றவை. அத்தறிகள் இருபதாம் நூற்றாண்டிலேயே ஓய்ந்துவிட்டன. ஆகவே இன்று பழைய பட்டுத் தொப்பியைப் புதுப்பிக்கலாம். அதே துணியால் புதிதாகச் செய்ய முடியாது. இப்போது விற்பவை பெரும்பாலும் முயல் மயிராலோ கம்பளியாலோ ஆனவை.

துணி மேலே, அதன் அடியில் இருப்பது எது? இங்கேதான் எனக்கு வியப்பு. மெல்லிய பருத்தித் துணியை அரக்குக் கரைசலில் தோய்த்து, மர அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து உலர்த்தினால், தாளைப்போல் இலேசாகவும் பலகையைப்போல் விறைப்பாகவும் ஓர் உடல் கிடைக்கும். அதுவே சீமைத் தொப்பியின் எலும்பு. அரக்கு யாருடையது? இந்தியாவினுடையது! பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டிவாழும் மிகச் சிறிய பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. சோட்டா நாகபுரிக் காடுகளில் பழங்குடி மக்கள் அதைக் கிளைகளோடு ஒடித்துச் சேர்ப்பார்கள். பாண்டவரைக் கொளுத்த எண்ணிக் கட்டிய அரக்கு மாளிகையை நாம் கதையில் கேட்டிருக்கிறோம். இலண்டன் மாநகரத்துப் பிரபுக்கள் தலையிலும் ஒரு சிறிய அரக்கு மாளிகை இருந்தது என்பதை யார் நமக்குச் சொன்னார்கள்?

இதைப் படித்ததும் என் உற்சாகம் கரைபுரண்டது. சிரம்பானுக்குப் போய் அரக்குச் செதில்களும் ஸ்பிரிட்டும் மல்துணியும் வாங்கினேன். வட்டமான பெரிய பிஸ்கட் தகரத்தைச் சற்றே நசுக்கி, தலையின் நீள்வட்டத்துக்குக் கொண்டுவந்து, அதையே அச்சாக வைத்துக்கொண்டேன். அரக்கை ஸ்பிரிட்டில் ஓரிரவு ஊறவைத்துக் கரைத்து, துணியை அதில் தோய்த்து, மூன்று அடுக்கு படியவைத்தேன். உடல் அருமையாக அமைந்தது. அத்தோடு நிறுத்தினேனா? இல்லை. அரக்கே பளபளக்கிறதே, மேலே கறுப்புச் சாயம் கலந்து இன்னும் நான்கு பூச்சுப் பூசிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணினேன். எனாமல் பெயிண்டு கற்பித்த பாடத்தை அதற்குள் மறந்துவிட்டேன். வெளியே மூன்று நாளாக அடைமழை. காற்றிலிருந்த ஈரத்தை அரக்கு உள்ளிழுத்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் தொப்பி முழுவதும் திருநீறு பூசியதுபோல வெளுத்திருந்தது!

வெளுத்த தொப்பியை அலுவலக வாசலில் வைத்து நான் நொந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் அவ்வழியே வந்தார். எண்பது வயது கடந்தவர். சிறுவனாயிருந்தபோது துரை பங்களாவில் எடுபிடியாக இருந்து, பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் இதே மண்ணில் பால் மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் ஓய்வுபெற்று மகளோடு இருக்கிறார். தொப்பியைக் கையில் எடுத்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார்.

"கிராணி ஐயா, மினுக்கம் மேலே பூசுறது இல்லீங்க. அடி வழவழன்னு இருந்து, மேல மயிரு ஒரே பக்கமாப் படுத்திருந்தா அது தானா வரும். துரையோட தொப்பியை நான் தினமும் தேய்ச்சவன்" என்றார்.

எனக்குச் சற்று நாணமாக இருந்தது. நூல்களில் நான் படித்ததும் அதுதானே! இழைகள் ஒரே திசையில் படிந்திருந்தால் அவற்றின்மேல் விழும் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. தாறுமாறாக நின்றால் ஒளியும் தாறுமாறாகச் சிதறிவிடுகிறது. கறுப்பு என்னவோ இரண்டிலும் ஒரே கறுப்புத்தான். நான் அதைப் படித்திருந்தேன். அவர் அதை அறிந்திருந்தார்.

அன்று முதல் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். புதிய உடலொன்று செய்து ஐந்து நாள் நன்றாக உலரவிட்டோம். மணல் தாளால் மெல்லத் தேய்த்து, விரலை ஓட்டினால் எங்கும் தடுக்காதபடி ஆக்கினோம். இதற்கே இரண்டு மாலைகள் ஆயின. நானாக இருந்தால் அரைமணியில் போதுமென்று விட்டிருப்பேன்; அவர் விடவில்லை. பிறகு ரேயான் வெல்வெட்டுத் துணியைச் சாய்வாக வெட்டி, ஓரங்களைக் கண்ணுக்குத் தெரியாத தையலால் இணைத்து, உறைபோல உடலின்மேல் இழுத்து மாட்டினோம். பசை தடவவில்லை. ஈரத் துணி போட்டு இளஞ்சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே ஓட்டினால், அடியிலிருக்கும் அரக்கு அச்சூட்டில் இளகித் துணியைத் தானே பற்றிக்கொள்ளும். ஆறியதும் இறுகிவிடும். பழைய தொப்பிக்காரர் கையாண்ட வழி இதுவே. உள்ளே உரமாக நின்றதும் அரக்கு. மேலே இருப்பதைப் பிடித்துக்கொண்டதும் அரக்கு. ஆனால் வெளியே அதன் முகம் தெரியவே தெரியாது.

கடைசி வேலை நீவுவது. வெல்வெட்டுத் துண்டு ஒன்றைத் திண்டுபோலச் சுருட்டி, இலேசாக நனைத்து, தொப்பியைச் சுற்றி ஒரே திசையில் நீவவேண்டும், பிறகு இளஞ்சூட்டில் ஒரே திசையில் இஸ்திரி போடவேண்டும், மறுபடி நீவவேண்டும். ஒருமுறை மறதியாக நான் கையைப் பின்னோக்கி இழுத்தேன். பளபளவென்றிருந்த இடம் சட்டென்று இருண்டது.

"திருப்பாதீங்க ஐயா" என்றார் பெரியவர். "பால் வெட்டுற கோடு எப்படி? ஒரே சாய்வாத்தானே போகணும். எதிர்ச் சாய்வாப் போட்டா பால் குறைஞ்சிடும். அதே மாதிரிதான் இதுவும்."

மூன்றாம் நாள் மாலை, சாய்ந்த வெயிலில் தொப்பியைத் தூக்கிப் பிடித்தோம். அந்த வெள்ளைக் கோடு மேலிருந்து கீழ்வரை ஓடிற்று. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினார்.

இந்த மெருகுக்கு மனிதர் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பட்டுத் தொப்பிக்கு அவ்விலை இல்லை. ஆனால் மயிரால் செய்யும் தொப்பிக்கு உண்டு. முயல் மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்காகத் தொழிற்சாலைகளில் பாதரச நைத்திரேட்டுக் கரைசலைத் தடவுவார்கள். அந்த ஆவியை மூச்சில் வாங்கிய தொழிலாளருக்குக் கை நடுங்கும்; பேச்சுக் குழறும்; மனம் கலங்கும். அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பெரி நகரத்தில் அந்நடுக்கத்துக்கு ஊர்ப்பெயரையே வைத்து அழைத்தார்கள். 1941-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அந்நாட்டில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. தலையில் அணிந்தவன் மிடுக்காக நடந்தான். செய்தவன் நடுங்கிக்கொண்டு நடந்தான். உலகத்துப் பளபளப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே வரலாறு போலும்.

பாதரசக் கதையைப் பெரியவருக்குச் சொன்னபோது, அவர் நெடுநேரம் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பேச்சோடு பேச்சாக, "உங்க தாத்தா இங்கே கிராணியா இருந்தாரே, ஞாபகம் இருக்கா? அவரைக் கண்டா எங்கப்பா சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவாரு. நான் பின்னாடி உட்கார்ந்திருப்பேன். நானும் குதிச்சிடணும்" என்றார்.

அவர் குரலில் குறையொன்றும் இல்லை. மழை பெய்ததென்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் கையிலிருந்த திண்டு நின்றுவிட்டது.

இவ்வழக்கத்தைப் பற்றி நான் படித்திருந்தேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. வெள்ளைக்கார நிர்வாகிகளுக்கும் ஆசிய உத்தியோகஸ்தர்களுக்கும் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இதைப் படித்த போதெல்லாம் என் சினம் வெள்ளைக்காரன்மேல் பாய்ந்ததேயன்றி, 'ஆசிய உத்தியோகஸ்தர்' என்ற அந்த இரண்டு சொற்கள் என் வீட்டுக் கூடத்தில் மாலையிட்டு மாட்டியிருக்கும் படத்தைக் குறிக்கின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றும் எண்பது வயதுக்காரர் முப்பது சொச்சம் வயதுக்காரனை 'ஐயா' என்கிறார். அவனும் அதைக் கூலிபோலப் பெற்றுக்கொள்கிறான். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. அதன் பிறகுதான் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். மலாயாவுக்கு அம்முறை 1910-இல் நின்றது. கங்காணி மூலம் ஆள் திரட்டுவது 1938-இல் நின்றது. சட்டங்கள் ஒவ்வொன்றாய் நின்றுவிட்டன. வாயில் வரும் 'ஐயா' மட்டும் நிற்கவில்லை.

தொப்பியில் இன்னும் ஒரு வேலை மீதி இருந்தது. லிங்கனுடைய தொப்பியைச் சுற்றி அகலமான கறுப்புப் பட்டை ஒன்று உண்டு. அவருடைய மகன் வில்லி 1862-இல் பதினொரு வயதில் நோயால் இறந்தான். அத்துக்கத்துக்கு அடையாளமாக அவர் அப்பட்டையைக் கட்டிக்கொண்டார். துக்கத் துணி மினுக்கக் கூடாது. ஆகவே அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய மெருகின் நடுவே, மெருகற்ற ஒரு பட்டையைச் சுற்றவேண்டும். இதைச் சொன்னதும் பெரியவர் வீட்டுக்குப் போய், பழைய கறுப்புப் பருத்தித் துணியொன்றைக் கிழித்துக் கொண்டுவந்தார். எங்கிருந்து கிழித்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதைச் சுற்றியபிறகுதான் தொப்பியின் பளபளப்பு கண்ணுக்கு முழுமையாகத் தெரிந்தது.

1865 ஏப்ரல் 14 இரவு நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டபோது அவரோடிருந்த தொப்பி அதுவே. இன்று அது வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் இருக்கிறது. 1867-இல் அங்கே வந்த அதை, மக்கள் கொந்தளிப்பு அஞ்சி வெளியே காட்டாமல் வைத்திருந்து, 1893-இல்தான் காட்சிக்கு வைத்தார்கள்.

ஆனால், அந்த மரணத்துக்குப் பத்து நாள் முன்னர் நடந்த வேறொன்றே எங்கள் நாடகத்தின் முடிவாயிற்று. ஏப்ரல் 4-ஆம் நாள், அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களின் தலைநகரான ரிச்மண்டு வீழ்ந்த மறுநாள், லிங்கன் தம் இளைய மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்நகரத் தெருவில் நடந்தார். விடுதலை பெற்ற நீக்ரோ முதியவர் ஒருவர் தம் தொப்பியைக் கழற்றி அவரை வாழ்த்தி வணங்கினார். லிங்கனும் தம் தொப்பியைக் கழற்றி, ஒன்றும் பேசாமல் தலைகுனிந்து வணங்கினார். உடன் இருந்த பத்திரிகையாளர் ஒருவர் அதே ஆண்டில் இதை எழுதிவைத்திருக்கிறார். வெள்ளையர் கறுப்பருக்குத் தொப்பி எடுப்பதென்பது அந்நாட்டில் அன்றுவரை நினைத்துப் பார்க்க முடியாத செயல்.

விழா இரவு. விளக்கொளி தொப்பியில் விழுந்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அட்டையும் பெயிண்டும் பார்த்துச் சிரித்த அதே சிறுவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசிக் காட்சியில் முதியவராக நடித்த பையன் வணங்கினான். லிங்கனாக நின்ற பெண் இரு கைகளாலும் தொப்பியைக் கழற்றி, மார்போடு அணைத்து, குனிந்தாள். அப்போதுதான், தலையில் இருந்தவரை மேல்நோக்கி நின்ற அந்த வெள்ளைக் கோடு சாய்ந்து, அரங்கம் முழுவதும் தெரியும்படி மின்னியது. முன்வரிசையில் தொழிலாளர் நடுவே உட்கார்ந்திருந்த அவள் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தொப்பிக்கு உரிய மெருகு, அது தலையில் ஏறியிருக்கும்போது தெரிவதில்லை. எவர் முன்னால் அது இறங்குகிறது என்பதில் தெரிகிறது. இவ்வளவு எளிய செய்தியை அறிய எனக்கு மூன்று தொப்பிகள் வேண்டியிருந்தன.

மறுநாள் மாலை மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். செம்மண் பாதையில் பெரியவர் கையில் சிறு பையோடு நடந்து வந்தார். நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தேன். என் தாத்தாவுக்காக ஒருமுறை, எனக்காக ஒருமுறை என்று மனத்துக்குள் கணக்கு எழுதிக்கொண்டேன். கிராணியின் புத்தி போகுமா?

பெரியவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "என்னங்க ஐயா, வண்டி கெட்டுப்போச்சா?" என்று கவலையோடு கேட்டார்.

"இல்லைங்க. சும்மாதான், உங்களோடு பேசிக்கொண்டு நடக்கலாமென்று. என்னைத் தம்பி என்றே கூப்பிடுங்கள்" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றார் அவர்.

தொப்பி இப்போது பள்ளிக்கூட அலமாரியின்மேல் இருக்கிறது. தூசி படியும்போது நான் போய் நீவிவிட்டு வருகிறேன், ஒரே திசையில். மெருகு ஒருநாளில் ஏறுவதன்று. பெரியவரோடு நடப்பதையும் நான் விடவில்லை. சென்ற வாரம் ஒருமுறை, வாய் தவறியோ என்னவோ, "பார்த்துப் போ தம்பி" என்றார்.